வீட்டில் சின்னம்மை, மருமகளுக்கு ஐந்தாம் மாதம்: நஞ்சுக்கொடி தடுத்துவிடுமா?

தேவகோட்டை ஆச்சி · ஆகஸ்ட் 4, காலை 8.40

பேராண்டிக்கு அம்மை போட்டிருக்கு, சின்னம்மைதான். அதே வளவுல மருமகளுக்கு அஞ்சாம் மாசம் நடக்குது. "நஞ்சுக்கொடி வடிகட்டி மாதிரி, தாய்க்கு வர்ற எந்தக் கிருமியும் பிள்ளைக்குப் போகாது"ன்னு ஒருத்தர் வாட்ஸப்புல போட்டிருக்கார். இன்னொருத்தர் எல்லாமே போகும்ங்கறார். எது சரி?

நுண்நோக்கி · ஆகஸ்ட் 4, காலை 9.55

ரெண்டும் சரியில்லை ஆச்சி. விளக்கம் பிறகு, முதலில் செய்ய வேண்டியது.

மருமகளுக்குச் சின்ன வயதில் சின்னம்மை வந்ததா, இல்லை இரண்டு டோஸ் தடுப்பூசி போட்டதா என்று சம்பந்தி வீட்டில் இன்றே கேளுங்கள். வந்திருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. யாருக்கும் நினைவில்லை என்றால் வெரிசெல்லா ஐஜிஜி ரத்தப் பரிசோதனை. வெரிசெல்லா என்பது சின்னம்மை வைரஸ், ஐஜிஜி என்பது ரத்தத்தில் தங்கும் எதிர்ப்புப் புரதம். அது நெகட்டிவ் என்றால் வெரிசெல்லா இம்யூனோகுளோபுலின் (தயார் எதிர்ப்புப் புரதம்) ஊசி பற்றி மகப்பேறு மருத்துவரிடம் பேச வேண்டும். நோயாளியோடு பழகிய நாளிலிருந்து 10 நாளுக்குள் போட்டால்தான் பலன், முந்தினால் இன்னும் நல்லது. நாளைக் கணக்கிடும்போது கொப்புளம் தெரிந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பேராண்டி பரப்பிக்கொண்டிருப்பான். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை பரப்புவான்.

சின்னம்மைத் தடுப்பூசியை இப்போது போடக் கூடாது, அதில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். மருமகளுக்கே கொப்புளம் வந்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் பேசுங்கள். அசைக்ளோவிர் மாத்திரையை வழக்கமாக 800 மில்லிகிராம், தினம் 5 வேளை, 7 நாள் என்று எழுதுவார்கள். ஐந்தாம் மாதம் என்பதால் தரலாமா என்று வாரக் கணக்கைப் பார்த்து அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மூச்சு வாங்கினால் மாத்திரையோடு வீட்டில் இருக்கக் கூடாது. கர்ப்பிணிக்குச் சின்னம்மை நிமோனியா ஆபத்தானது. போகும் முன் போன் செய்துவிட்டுப் போங்கள், மற்ற கர்ப்பிணிகள் உட்கார்ந்திருக்கும் வரிசையில் அவரை உட்கார வைக்கக் கூடாது.

அம்மை போட்ட வீட்டில் பிள்ளைத்தாச்சியை வைக்காதே என்ற நம்மூர் வழக்கம் இந்த நோய்க்கு முழுக்கப் பொருந்தும். ஆனால் ஏற்கெனவே தொற்றியிருக்கக் கூடியவரை இன்னொரு கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு அனுப்பினால் நோயும் கூடப் போகும். நோய் வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகும். இம்யூனோகுளோபுலின் போட்டிருந்தால் 28 நாள் வரை தள்ளிப் போகலாம்.

நுண்நோக்கி · ஆகஸ்ட் 4, இரவு 9.20

இப்போது அந்த வடிகட்டிக் கதை. 13 முதல் 20 வாரத்துக்குள் தாய்க்குச் சின்னம்மை வந்தால், கருவுக்கு வெரிசெல்லா குறைபாடுகள் வர வாய்ப்பு நூற்றுக்கு 2 அளவில்தான். தாயின் ரத்தத்தில் வைரஸ் ஓடும்போதும் 98 பிள்ளைகள் தப்புகின்றன. யாரோ வேலை செய்கிறார்கள் என்பது தெரிகிறது. அந்த 2 எப்படி நடக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

நிறைமாத நஞ்சுக்கொடி சுமார் அரை கிலோ, 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் விட்டம். அதனுள் கோரியானிக் வில்லை என்னும் கிளை கிளையான நீட்சிகள் தாயின் ரத்தத்தில் நேராக மூழ்கிக் கிடக்கின்றன. எந்நேரமும் அந்த இடைவெளியில் 150 மில்லி அளவு தாயின் ரத்தம் நிற்கும், நிமிடத்துக்கு மூன்று நான்கு தடவை மாறும். விரித்துப் போட்டால் தொடும் பரப்பு 12 சதுர மீட்டர் வரை வரும்.

அத்தனை பரப்பையும் மூடியிருப்பது ஒரே செல். சின்சிஷியோட்ரோபோபிளாஸ்ட் என்று பெயர், இனி சின்சிஷியம் என்கிறேன். கோடிக்கணக்கான உட்கருக்கள், நடுவே பிரிக்கும் செல் சவ்வு கிடையாது. பழைய வளவு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சில் இணைப்பு தெரியாது அல்லவா, அப்படி. குடலிலோ நுரையீரலிலோ இரண்டு செல்களுக்கு நடுவே இருக்கும் இணைப்பைப் பிடித்து நுழையும் கிருமிக்கு இங்கே பிடிக்க இணைப்பே இல்லை. மேல்பரப்பின் கீழ் ஆக்டின் இழைகள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். லிஸ்டீரியா பாக்டீரியா கூட இந்தப் பரப்பில் ஒட்டித் தொற்றத் திணறுகிறது.

இந்த இணைவை நடத்தும் புரதம் சின்சிடின். ஆதிகாலத்தில் நம் முன்னோர் மரபணுவில் புகுந்து தங்கிவிட்ட ரெட்ரோவைரஸின் உறைப் புரதம் அது. 2000இல் தெரிய வந்தது. வைரஸைத் தடுக்கும் அரணைக் கட்டித் தருவது வைரஸ் மிச்சம்தான்.

பள்ளத்தூர் செவிலி · ஆகஸ்ட் 5, காலை 7.15

அரண் சரி. தாண்டிட்டா? உள்ளே எதிர்ப்பு சக்தி ஏதும் இருக்கா, இல்லை தோல் மட்டும்தானா?

நுண்நோக்கி · ஆகஸ்ட் 5, காலை 11.30

இருக்கிறது. அது காத்திருக்கும் எதிர்ப்பு அல்ல, எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது. அதுதான் இதன் தனித்தன்மை.

உடம்பின் மற்ற செல்கள் வைரஸ் நுழைந்த பிறகே இன்டர்ஃபெரான் என்னும் வைரஸ் எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும். நிறைமாத நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த ட்ரோபோபிளாஸ்ட் செல்கள் (சின்சிஷியமாக இணைபவை) எந்த வைரஸும் இல்லாமலே மூன்றாம் வகை இன்டர்ஃபெரானைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. இன்டர்ஃபெரான் லாம்டா என்பது அதுதான். பிட்ஸ்பர்க் ஆய்வுக் குழு 2016இல், ஜிகா வைரஸ் பரபரப்பு உச்சத்தில் இருந்தபோது, இதைக் காட்டியது. செல்லில் ஜிகா வளரவில்லை. அந்தச் செல் வளர்ந்த திரவத்தை வேறு செல்லுக்கு ஊற்றினால் அதுவும் பாதுகாப்புப் பெற்றது.

அதே குழுவினர் 2013இல் இன்னொன்றைச் சொல்லியிருந்தார்கள். 19ஆம் குரோமோசோமில் 46 மைக்ரோ ஆர்என்ஏ (மற்ற ஜீன்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) ஜீன்கள் கொத்தாக உண்டு, சி19எம்சி என்று பெயர். குரங்கு, மனிதக் குடும்பத்தில் மட்டுமே காணப்படுவது. தந்தை வழிப் பிரதி மட்டும் வேலை செய்யும். இந்த மைக்ரோ ஆர்என்ஏக்களை நஞ்சுக்கொடி எக்சோசோம் என்னும் நுண்பொட்டலங்களில் கட்டி வெளியே அனுப்புகிறது. பெற்ற செல் தன் உட்பொருளைத் தானே செரிக்கும் ஆட்டோஃபேஜியைக் கூட்டிக்கொள்கிறது, வைரஸ் பெருகுவது குறைகிறது. அப்பா வீட்டுச் சீர் இந்த வகையிலும் வந்து சேர்ந்துவிடுகிறது.

பள்ளத்தூர் செவிலி · ஆகஸ்ட் 5, மதியம் 2.05

இன்டர்ஃபெரான் அவ்வளவு நல்லதுன்னா கர்ப்பிணிக்கு ஊசியாப் போட்டுடலாமே?

நுண்நோக்கி · ஆகஸ்ட் 5, இரவு 10.10

அங்கேதான் சிக்கல். வகை முக்கியம். ஆல்ஃபா, பீட்டா எல்லாம் முதல் வகை. அவற்றின் ஏற்பி உடம்பில் கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் உண்டு. லாம்டாவின் ஏற்பி பெரும்பாலும் புறப்படலச் செல்களில் மட்டும், அதனால் அதன் வேலை அந்த இடத்தோடு நிற்கும்.

2018இல் யேல் குழு எலிகளில் ஒரு நேர்த்தியான சோதனை செய்தது. ஒரே தாயின் வயிற்றில் முதல் வகை இன்டர்ஃபெரான் ஏற்பி உள்ள கருக்களும் இல்லாத கருக்களும். ஜிகா கொடுத்தபோது ஏற்பி உள்ளவைதான் கரைந்து போயின. ஏற்பி இல்லாதவற்றில் வைரஸ் அதிகம் இருந்தும் அவை வளர்ந்தன. அதாவது அழித்தது வைரஸ் மட்டுமல்ல, அதற்கு எதிராக எழுந்த பதில்.

காரணம் ஒன்று 2019இல் கிடைத்தது. முதல் வகை இன்டர்ஃபெரான், ஐஎஃப்ஐடிஎம் என்ற புரதங்களைத் தூண்டும். அவை வைரஸ் உறை செல் சவ்வோடு இணைவதைத் தடுக்கும், நல்ல வேலைதான். ஆனால் சின்சிடின் செய்வதும் அதே இணைவு. அதையும் தடுத்துவிடுகிறது. சின்சிஷியம் உருவாகவே தடை. எனவே ஊசி வேண்டாம். கர்ப்பத்தில் காய்ச்சலும் அழற்சியும் சும்மா கடந்து போகும் விஷயம் இல்லை என்று மகப்பேறு மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லல் கால்நடை மருத்துவர் · ஆகஸ்ட் 6, காலை 6.30

மாட்டுப் பக்கம் கொஞ்சம் வாங்க. பசுவின் கரு 15 நாளிலிருந்து 20 நாள் வாக்கில் இன்டர்ஃபெரான் டௌ என்று ஒன்றைச் சுரக்கும். அதன் முதல் வேலை வைரஸ் எதிர்ப்பு அல்ல, "நான் வந்துவிட்டேன், சினைப் பருவம் திரும்ப வேண்டாம்" என்று தாய்க்குச் சொல்வது. செம்மறிக்கும் அதேதான். இன்டர்ஃபெரானைக் கர்ப்பச் சேதிக்குப் பயன்படுத்தும் கூட்டம் அசைபோடும் விலங்குகள்.

ஆனால் பசுவின் இளங்கொடி வேறு அமைப்பு. தாயின் ரத்தத்தில் நேராக மூழ்காது, கொத்துக் கொத்தாக 70 முதல் 120 இடத்தில் ஒட்டியிருக்கும். எதிர்ப்புப் புரதம் ஒன்றும் கன்றுக்குக் கடக்காது. அதனால்தான் சீம்பால். கன்று போட்ட 2 மணி நேரத்துக்குள் முதல் பங்கு, முதல் நாளில் மொத்தம் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 24 மணி நேரம் ஆனால் குடல் ஐஜிஜியை அப்படியே உறிஞ்சும் வழி மூடிவிடும். "இளங்கொடி விழுந்த பிறகுதான் பால் கறக்கணும்" என்று காத்திருக்கும் வீடுகளில் கன்றுக் கழிச்சல் ஏன் நிற்பதில்லை என்பதற்கு இதுதான் விடை. கொடியை ஆலமரத்தில் கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள்.

இன்னொன்று. பிவிடி என்ற வைரஸ் சினையின் 40 முதல் 120 நாளுக்குள் பசுவைத் தொற்றினால் கருவுக்குள் போய்விடும். கன்றின் நோயெதிர்ப்பு அப்போது முதிர்ந்திருக்காது, வைரஸைத் தன் உடம்பில் ஒன்றாகவே ஏற்றுக்கொள்ளும். பிறந்த பிறகு வாழ்நாள் முழுக்க வைரஸ் கொட்டும் கன்று அது. வந்த நாள் என்ன என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நுண்நோக்கி · ஆகஸ்ட் 6, காலை 9.00

டாக்டர் சொன்ன கடைசி வரி மனிதருக்கும் அப்படியே. ருபெல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு வந்தால் பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகள் பாதிக்கப்படலாம்: கண்புரை, இதயக் கோளாறு, காது கேளாமை. 20 வாரம் தாண்டினால் அந்த ஆபத்து பெரும்பாலும் போய்விடும். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்புரைக் குழந்தைகளின் தாய்மாரை விசாரித்துத்தான் இந்தத் தொடர்பையே கண்டுபிடித்தார். சைட்டோமெகலோ வைரஸில் வேறு கணக்கு. கர்ப்பத்தின் பிந்திய மாதங்களில் கடப்பது அதிகம், முந்திய மாதங்களில் கடந்தால் சேதம் அதிகம்.

நம் பக்கத்துப் பெண்களுக்கு இதில் ஒரு நடைமுறை விஷயம். தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா முகாம் 2017 பிப்ரவரியில் தொடங்கியது, 9 மாதம் முதல் 15 வயது வரை. அதற்கு மேல் வயதிருந்தவர்கள் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். கல்யாணம் பேசும்போதே ருபெல்லா ஐஜிஜி பார்த்து, இல்லையென்றால் ஊசி போட்டு, ஒரு மாதம் கர்ப்பம் தள்ளிப் போட்டால் போதும். ஜாதகத்தைவிடச் செலவு குறைவு.

பள்ளத்தூர் செவிலி · ஆகஸ்ட் 6, மாலை 5.45

வழி எப்படின்னு இன்னும் சொல்லல. அரணும் இருக்கு, லாம்டாவும் இருக்கு, அப்புறம் எப்படி உள்ளே போகுது?

நுண்நோக்கி · ஆகஸ்ட் 7, காலை 10.40

முன்வாசல் வழியாகப் போவது குறைவு. நான்கு பாதை சொல்கிறேன்.

நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் வேர் ஊன்றும் இடத்தில் சின்சிஷியம் கிடையாது. அங்கே தனித்தனிச் செல்கள் தாயின் திசுவுக்குள் ஊடுருவி நிற்கின்றன. சைட்டோமெகலோ வைரஸ் அந்தச் செல்களைத் தொற்றுகிறது. லிஸ்டீரியாவும் அந்த வழியைத்தான் தேடுகிறது. தாயின் இயற்கைக் கொல்லிச் செல்கள் அங்கே காவல் நிற்கும். கிரானுலைசின் என்ற புரதத்தை நுண்குழாய் வழியாகத் தொற்றிய செல்லுக்குள் செலுத்தி, செல்லைக் கொல்லாமல் உள்ளே இருக்கும் பாக்டீரியாவை மட்டும் கொல்கின்றன என்று 2020இல் காட்டினார்கள்.

இரண்டாவது, எதிர்ப்புப் புரதத்தின் தோளில் ஏறிப் போவது. தாயின் ஐஜிஜியைப் பிள்ளைக்குக் கடத்த சின்சிஷியத்தில் எஃப்சிஆர்என் என்ற ஏற்பி இருக்கிறது. 13 வாரம் வாக்கில் தொடங்கி, 28 வாரத்துக்கு மேல் வேகமெடுத்து, நிறைமாதத்தில் பிள்ளையின் ஐஜிஜி தாயின் அளவையும் மிஞ்சும். ஐஜிஜி ஒட்டிய சைட்டோமெகலோ வைரஸும் இதே வண்டியில் ஏற முடியும் என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஒட்டும் புரதம் பலவீனமானதாக இருந்தால் வைரஸ் செத்துப் போகாமல் இறங்கிவிடும்.

மூன்றாவது அரணையே இடிப்பது. கோவிட் வைரஸ் சாதாரணமாகக் கருவுக்குப் போவது அரிது. ஆனால் டெல்டா காலத்தில் சில நஞ்சுக்கொடிகளில் சின்சிஷியமே செத்து, சுற்றி ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது வரும் நார்ப்புரதம்) படிந்து, ரத்த ஓட்டம் நின்று, குழந்தை வயிற்றிலேயே இறந்தது. குழந்தைக்குத் தொற்றே இல்லாமலும் இப்படி நடந்தது.

நான்காவது சிக்குன்குனியா. இதற்குத் தனியாக எழுதுகிறேன்.

நுண்நோக்கி · ஆகஸ்ட் 7, இரவு 8.15

சிக்குன்குனியா நஞ்சுக்கொடியைத் தொற்றுவதே இல்லை என்று சொல்லலாம். ரீயூனியன் தீவில் 2005-06 கொள்ளைநோயின்போது பார்த்தது: பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்தில் வைரஸ் இருந்தால் கிட்டத்தட்டப் பாதிப் பிள்ளைகளுக்குத் தொற்று. பிரசவத்துக்குச் சில நாள் முன்பே காய்ச்சல் தணிந்திருந்தால் பெரும்பாலும் இல்லை. வலி எடுக்கும்போது சுருங்கி விரியும் கருப்பையில் வில்லையில் சிறு சிறு கீறல்கள் விழும், இரண்டு ரத்தமும் கொஞ்சம் கலக்கும். அவ்வளவு போதும். சிசேரியன் செய்தும் தப்பவில்லை.

அதனால் பிரசவ வாரத்தில் காய்ச்சலும் மூட்டு வலியும் உள்ள தாயின் பிள்ளை பிறந்ததும் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள்தான் தெரியும்: காய்ச்சல், பால் குடிக்காமை, தொட்டால் வீறிட்டு அழுவது, கை கால் வீக்கம். ஒரு வாரம் கண்காணிப்பு.

காரைக்குடி ஆய்வு மாணவி · ஆகஸ்ட் 8, மதியம் 12.20

பிவோ செல்லில் ஜிகா நன்றாக வளர்கிறது. நீங்கள் சொல்லும் லாம்டா எங்கே?

நுண்நோக்கி · ஆகஸ்ட் 8, மதியம் 1.00

பிவோவும் ஜெக்-3யும் கோரியோகார்சினோமா புற்றுச் செல்கள். தாமாக லாம்டா சுரப்பதில்லை. ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருள் போட்டு இணைய வைத்தாலும் சின்சிஷியம் போல் தோற்றம் வரும், சுரப்பு வராது. நிறைமாத நஞ்சுக்கொடியிலிருந்து டிரிப்சின், டிஎன்ஏஸ் கொடுத்துப் பிரித்து, பெர்கால் அடுக்கில் சுழற்றி எடுத்த செல்கள்தான் வேண்டும். தட்டில் வைத்தால் 48 முதல் 72 மணி நேரத்தில் தாமே இணையும். இணையும் முன்பே வைரஸ் கொடுத்துவிட்டு "தொற்றுகிறது" என்று எழுதாதீர்கள். ட்ரோபோபிளாஸ்ட் ஆர்கனாய்டு (ஆய்வகத்தில் வளர்த்த குட்டித் திசு உருண்டை) கைவசம் இருந்தால் நல்லது, 2018 முதல் முறை இருக்கிறது. ஆனால் அதில் சின்சிஷியம் உள்பக்கம் பார்த்திருக்கும், வைரஸை வெளியே ஊற்றினால் தவறான முகத்தில் படும். எலியிலும் கவனம், அதற்கு சி19எம்சி கிடையாது.

தேவகோட்டை ஆச்சி · ஆகஸ்ட் 8, மாலை 6.30

சம்பந்தியம்மா சொல்லிட்டாக, ஏழு வயசுல மருமகளுக்கு அம்மை போட்டு மூணு தண்ணி ஊத்துனாகளாம். ரத்தத்துலயும் ஐஜிஜி இருக்குன்னு வந்திருச்சு. சரி, கொசுவுக்கு என்ன பண்றது? பக்கத்து வளவு வருஷம் பூராப் பூட்டித்தான் கெடக்கு.

நுண்நோக்கி · ஆகஸ்ட் 9, காலை 8.00

நல்லது ஆச்சி. பூட்டிய வளவுதான் இங்கே பெரிய பிரச்சினை. சிக்குன்குனியாவையும் ஜிகாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு ஊருணியில் அல்ல, சின்ன நீர்த் தேக்கத்தில் முட்டையிடும்: முற்றத்து மூலையில் கூடல்வாய் அடைத்த இடம், மூடாத அண்டா, மழைத் தண்ணீர் தொட்டி, இரண்டாங்கட்டில் கவிழ்க்காத பாத்திரம். முட்டை தண்ணீருக்கு மேல் பக்கச் சுவரில் ஒட்டிக் காய்ந்தே மாதக்கணக்கில் கிடக்கும். கொட்டிவிட்டால் மட்டும் போகாது, தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள், எனவே வாரம் ஒருமுறை. காலி செய்ய முடியாத தொட்டிக்கு அபேட் என்ற கொசுப்புழு மருந்து, அதில் உள்ள டெமிஃபாஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரும் அளவில். சாவி வைத்திருக்கும் காவலாளியிடம் இதைச் சொன்னால் போதும்.

ஜிகா 2017இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு வந்தது, 2021இல் கேரளத்தில் பரவியது. அது கொசுவோடு நிற்காது. நோய் வந்த கணவர் 3 மாதம் ஆணுறை பயன்படுத்த வேண்டும். மனைவி கர்ப்பமாக இருந்தால் கர்ப்பம் முடியும் வரை.

பள்ளத்தூர் செவிலி · ஆகஸ்ட் 9, இரவு 7.50

ஹெபடைடிஸ் பி? எங்களுக்கு அதுதான் அடிக்கடி வருது.

நுண்நோக்கி · ஆகஸ்ட் 9, இரவு 9.30

அதில் நஞ்சுக்கொடி பெரும்பாலும் தன் வேலையைச் செய்துவிடும், தொற்று நடப்பது பிரசவத்தில். எனவே நேரம் நம் கையில். முதல் தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள், இம்யூனோகுளோபுலின் 100 யூனிட் 12 மணி நேரத்துக்குள், ஒரு தொடையில் ஒன்று மறு தொடையில் மற்றது. இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. தாயின் வைரஸ் அளவு மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் என்றால் 28 வாரத்திலிருந்து டெனோஃபோவிர் 300 மில்லிகிராம். ஞாயிற்றுக்கிழமை பிரசவத்துக்கு மருந்து எங்கே இருக்கிறது என்று சனிக்கிழமையே பார்த்து வையுங்கள்.

பள்ளத்தூர் செவிலி · ஆகஸ்ட் 10, காலை 10.05

நஞ்சுக்கொடியைச் சோதனைக்கு அனுப்பச் சொல்றாங்க. எப்படி அனுப்பணும்?

நுண்நோக்கி · ஆகஸ்ட் 10, காலை 11.15

எதற்கு என்பதைப் பொறுத்தது. திசுப் பரிசோதனைக்கு என்றால் 10 சதவீத பஃபர் ஃபார்மலின், திசுவைப் போல் 10 மடங்கு அளவு. முழுக் கொடியை ஒரு சின்ன டப்பாவில் அமுக்கினால் நடுப்பகுதி பதப்படாமல் அழுகும். ஃபார்மலின் இல்லையென்றால் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைக்கலாம், ஃப்ரீசரில் உறைய விட்டால் செல்கள் கிழிந்து படிக்க முடியாது.

பிசிஆருக்கு என்றால் குழந்தைப் பக்கத்திலிருந்து, சவ்வை உரித்துவிட்டு, நான்கு இடத்தில் எடுத்து, உப்பு நீரில் ரத்தம் போகும் வரை அலச வேண்டும். ஆர்என்ஏ காப்புத் திரவத்தில் போடும் துண்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது, உள்ளே ஊறாது. அலசாத கொடியில் பாசிட்டிவ் வந்தால் அது தாயின் ரத்தமாகவே இருக்கலாம்.

குழந்தைக்குத் தொற்றா என்பதைக் குழந்தையிடம்தான் கேட்க வேண்டும். ஐஜிஜி தாயிடமிருந்து வந்தது, அதை வைத்துச் சொல்ல முடியாது. ஐஜிஎம் என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதம் கடக்காது, இருந்தால் சந்தேகப்படலாம், ஆனால் தொப்புள்கொடி ரத்தத்தில் தாயின் ரத்தம் கலந்தால் அதுவும் ஏமாற்றும். குழந்தையின் குதிகாலிலோ நரம்பிலோ எடுங்கள். சைட்டோமெகலோ சந்தேகம் என்றால் சிறுநீர் அல்லது உமிழ்நீர் பிசிஆர், பிறந்து 21 நாளுக்குள். அதற்குப் பிறகு பாசிட்டிவ் வந்தால் வயிற்றில் வந்ததா தாய்ப்பாலில் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. உமிழ்நீர் எடுத்தால் பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள், இல்லையென்றால் பாலில் உள்ள வைரஸே பாசிட்டிவ் காட்டும்.